உங்களுக்குத் தெரியுமா? சிக்னலில் நின்றால் திணறும் பழைய பிக்கப்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் குலுங்கும்; ஆர்.பி.எம். முள் சரியும், சில நாள் அணைந்தே போகும். பழைய பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் சந்திக்கும் தொல்லை இது. 1980, 90களில் அமெரிக்கச் சாலைகளில் ஓடி, இன்றும் பண்ணைகளில் உழைக்கும் மூன்று எஞ்சின்களை வைத்துப் பார்ப்போம்: ஃபோர்டு எஃப்-150இன் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர், செவர்லேயின் 5.7 லிட்டர் வி-8, டொயோட்டா பிக்கப்பின் 2.4 லிட்டர் 22ஆர்இ. மூன்றும் உழைப்புக்குப் பெயர் போனவை. அவற்றுக்கு நோய் என்னவென்று பார்க்காமல் பாகம் பாகமாக மாற்றிக் காசைக் கரைக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

● ஓடும்போது நன்றாக இருக்கும் வண்டி நிற்கும்போது மட்டும் ஏன் திணறுகிறது? ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சின் இழுக்கும் காற்று மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஒரு ஓட்டை ஹோஸ் வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்தாலும் கலவையின் கணக்கு கெட்டுவிடும். நெடுஞ்சாலையில் த்ராட்டில் திறந்து காற்று கொட்டும்போது அதே ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பலவீனமான பிளக், கசியும் வால்வு, அடைத்த இன்ஜெக்டர் எல்லாமே முதலில் தலைகாட்டுவது ஐடிலிங்கில்தான்.

● பானட்டைத் திறக்குமுன் "எப்போது?" என்று கேட்பவர்தான் நல்ல மெக்கானிக். காலையில் குளிர்ந்த எஞ்சினில் மட்டும் திணறி, சூடானதும் சரியாகிறதா? காற்றுக் கசிவு, சோக், கூலன்ட் சூட்டைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார், இவற்றைச் சந்தேகப்படுங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடானபின் கெடுகிறதா? இ.ஜி.ஆர். வால்வும் ஆக்ஸிஜன் சென்சாரும் வரிசையில் முன்னே வரும். மழை நாளில் மட்டுமா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பிளக் வயர். பிரேக் மிதித்தால் மட்டுமா? அதற்குத் தனியாக வருகிறேன். ஏ.சி. போட்டால் மட்டுமா? கம்ப்ரஸர் சுமையைத் தாங்க எஞ்சினின் வேகத்தை உயர்த்த வேண்டிய ஏற்பாடு வேலை செய்யவில்லை.

● இத்தனை பழைய வண்டியில் முதல் குற்றவாளி பெரும்பாலும் ரப்பர்தான். வேக்குவம் ஹோஸ்களை நடுவில் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். ஹோஸ் விரிந்து உலோகக் குழாயின் மேல் ஏறி உட்காரும் கடைசி ஒரு சென்டிமீட்டரைப் பாருங்கள். அங்கேதான் ரப்பர் சூட்டில் வெந்து கறுத்து, கண்ணாடிபோல் கெட்டியாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. லேசாக வளைத்தால் வெடிப்பு வாய் திறக்கும். இழுத்துப் பார்த்தால் பிடிமானமே இல்லாமல் கையோடு வரும். அந்த முனையை மட்டும் வெட்டிவிட்டு, நீளம் இடம் கொடுத்தால் மறுபடி மாட்டலாம். முழுதாக மாற்றினாலும் பெரிய செலவில்லை.

● கண்ணுக்குத் தெரியாத கசிவைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். எஞ்சின் ஐடிலிங்கில் ஓடட்டும். ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரை எடுத்து இன்டேக் மெனிஃபோல்டு கேஸ்கெட் ஓரமாகவும் ஹோஸ் இணைப்புகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சுங்கள். எந்த இடத்தில் எஞ்சினின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. பிளக் வயர்ப் பக்கம் போகாதீர்கள். அங்கே ஈரம் பட்டால் வேறு காரணத்துக்காகத் திணறி உங்களைக் குழப்பும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துச் சோதிப்பவர்கள் ஏராளம். சூடான எக்ஸாஸ்டுக்கும் தீப்பொறிக்கும் பக்கத்தில் அதைச் செய்வது தீயை வா என்று அழைப்பது. பட்டறையில் புகை விட்டுச் சோதிக்கும் கருவி இருந்தால் அதைவிடச் சிறந்த வழி இல்லை.

● 22ஆர்இ எஞ்சினுக்கு ஒரு பைசா செலவில்லாத சோதனை உண்டு. ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். எஞ்சின் தடுமாற வேண்டும், அணையக்கூடச் செய்யலாம். இந்த எஞ்சினில் உள்ளே போகும் காற்றை ஒரு தகடு தள்ளப்பட்டு அளக்கிறது. மூடி வழியாக அளக்கப்படாத காற்று புகுந்தால் கலவை மெலிந்துபோகும். திறந்தும் ஒரு மாற்றமும் இல்லையா? அப்படியானால் வேறெங்கோ ஏற்கெனவே பெரிய கசிவு இருக்க வாய்ப்பு அதிகம்.

● அதே கசிவு செவர்லேயில் வேறு முகம் காட்டும். 1987 முதல் 1995 வரை வந்த அந்த த்ராட்டில்-பாடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மெனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. கசிவால் அழுத்தம் மாறினால் "காற்று கூடிவிட்டது" என்று அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டும். அதனால் ஆர்.பி.எம். இறங்குவதற்குப் பதில் ஏறி நிற்கும், அல்லது ஏறி இறங்கி 'ஹண்டிங்' அடிக்கும். டொயோட்டாவில் கற்ற பாடத்தை அப்படியே செவர்லேயில் போட்டுப் பார்ப்பவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள்.

● பிரேக் பெடலை மிதித்து அழுத்திப் பிடித்தால் ஆர்.பி.எம். மாறுகிறதா? பெடலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று காற்றுச் சத்தம் கேட்கிறதா? பிரேக் பூஸ்டரின் உள்ளே இருக்கும் ரப்பர்த் திரை கிழிந்திருக்கலாம். இதை ஐடிலிங் கோளாறாக மட்டும் பார்க்காதீர்கள். பிரேக்குக்கு உதவும் சக்தியே போய்க்கொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் அடுத்த வாரம் பார்க்கலாம். இதை இன்றே பாருங்கள்.

● எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவிகளை மறுபடி எஞ்சினுக்குள்ளேயே இழுத்து எரியவிடும் பி.சி.வி. வால்வு வருமுன், அவற்றை ஒரு குழாய் வழியே நேராகச் சாலையில் விட்டார்கள். 1960களின் தொடக்கத்தில் புகைமூட்டத்தால் தவித்த கலிஃபோர்னியாதான் இந்த வால்வை முதலில் கட்டாயமாக்கியது. விரல் நீளம்கூட இல்லாத பாகம். கழற்றிக் காதருகே குலுக்கினால் 'கடகட' என்று ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் பிசுக்கில் ஒட்டிவிட்டது. திறந்தபடி ஒட்டினால் அது ஒரு வேக்குவம் கசிவுக்குச் சமம். மாற்றும்போது உங்கள் எஞ்சினுக்கு உரியதையே வாங்குங்கள். அளவில் பொருந்தினாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வேறாக இருந்தால் ஐடிலிங் சீராக நிற்காது.

● ஒரு வேக்குவம் கேஜ் போதும், எஞ்சினின் பாதிக் கதையைச் சொல்லிவிடும். எஞ்சின் சூடானபின் மெனிஃபோல்டில் மாட்டி முள்ளைக் கவனியுங்கள். கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நின்றால் நல்ல ஆரோக்கியம். தாழ்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் காற்றுக் கசிவு அல்லது பிந்திய இக்னிஷன் டைமிங். சீரான இடைவெளியில் சட்சட்டென்று விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. எஞ்சினை 2,500 சுற்றில் பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைத்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளே உருகிப்போன கேட்டலிடிக் கன்வெர்ட்டர். ஒரு விஷயம் மறக்கக் கூடாது: உயரம் ஏற ஏற அளவு குறையும், ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம். 5,280 அடி உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்தில் கேஜ் 14 காட்டினால் பதற வேண்டாம். இந்தக் கருவி இல்லாமல் சென்சார் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள் என்றே சொல்வேன்.

● எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள் விடுவதற்குத்தான் இ.ஜி.ஆர். வால்வு. ஓடும்போது திறக்கலாம், ஐடிலிங்கில் இறுக மூடியிருக்க வேண்டும். ஒரு சின்னக் கார்பன் துண்டு அதன் இருக்கையில் சிக்கிக்கொண்டாலே போதும், புகை உள்ளே கசிந்து எஞ்சின் மூச்சுத் திணறும். எதிர்ச் சோதனையும் உண்டு: ஐடிலிங்கில் அந்த வால்வைக் கைப்பம்பால் வேக்குவம் கொடுத்துத் திறந்தால் எஞ்சின் தடுமாறியே ஆக வேண்டும். தடுமாறவில்லை என்றால் வழி முழுக்கக் கார்பன் அடைத்திருக்கிறது.

● ஃபோர்டில் ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வு த்ராட்டில் பாடி அருகே இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது அதன் மின் இணைப்பைக் கழற்றுங்கள். ஆர்.பி.எம். விழ வேண்டும். விழவில்லை என்றால் வால்வு ஒட்டிக்கிடக்கிறது, அல்லது காற்று வேறு வழியில் போகிறது. ஸ்க்ரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டியதும் ஐடிலிங் மாறினால் சந்தேகமே வேண்டாம்.

செவர்லேயில் அதே வேலையை ஒரு கூம்பு முனை முன்னும் பின்னும் நகர்ந்து செய்யும். புதிதாக மாட்டும்போது அந்த முனை 28 மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அளக்காமல் இறுக்கினால் புது வால்வு மாட்டும்போதே உடையும்.

● த்ராட்டில் தகட்டின் விளிம்பில் படியும் கரிய பிசுக்கைத் துடைத்தாலே பல வண்டிகளில் ஐடிலிங் சீராகிவிடும். ஆனால் சில ஃபோர்டு த்ராட்டில் பாடிகளில் "சுத்தம் செய்யாதே" என்று எச்சரிக்கை ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். உள்ளே பிசுக்கு ஒட்டாத பூச்சு உண்டு. கிளீனர் அடித்தால் அந்தப் பூச்சு போய்விடும். துடைக்குமுன் ஸ்டிக்கரைத் தேடுங்கள்.

● த்ராட்டில் நிறுத்த ஸ்க்ரூவைத் திருகி 'ஸ்லோ' வைக்கும் பழக்கம் கார்புரேட்டர் காலத்தது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்த ஸ்க்ரூ தொழிற்சாலையில் வைத்தது. அதைத் திருகினால் கோளாறு மறையும், போகாது. சில நாளில் ஐடிலிங் எகிறும். அடுத்த மெக்கானிக் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தவிப்பார். தயவுசெய்து தொடாதீர்கள். (22ஆர்இ-யில் ஐடிலிங்குக்கென்றே தனியான காற்று ஸ்க்ரூ உண்டு. கையேடு சொல்லும் முறைப்படி, சூடான எஞ்சினில், மேனுவல் கியர் வண்டிக்கு 750 சுற்று.)

● ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் ஐடிலிங் கெடுமா? 22ஆர்இ-யில் கெடும். த்ராட்டில் பாடியின் அடியில் உள்ள மெழுகு வால்வு, கூலன்ட்டின் சூட்டை வைத்துத்தான் 'எஞ்சின் சூடாகிவிட்டது, கூடுதல் காற்றை மூடு' என்று முடிவெடுக்கிறது. கூலன்ட் குறைந்தாலோ, காற்றுக் குமிழ் சிக்கினாலோ அது குழம்பும். ஆர்.பி.எம். ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் கோளாறு என்று பயந்தவர்களுக்கு ஒரு லிட்டர் கூலன்ட்டிலேயே தீர்ந்துவிடக்கூடிய விஷயம் இது.

● அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்துதான் எல்லா வண்டிகளுக்கும் ஒரே மாதிரியான ஸ்கேனர் இணைப்பு வந்தது. அதற்கு முந்தைய செவர்லேயில் ஸ்கேனரே தேவையில்லை. டேஷ்போர்டின் அடியில் 12 முனை இணைப்பு இருக்கும். அதில் ஏ, பி என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பியால் சேர்த்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எச்சரிக்கை விளக்கு ஒருமுறை சிமிட்டி, கொஞ்சம் விட்டு இருமுறை சிமிட்டும். அது 12, 'சோதனை அமைப்பு வேலை செய்கிறது' என்று பொருள். மும்முறை அதைச் சொன்னபின், சேமித்துவைத்த கோளாறு எண்களைச் சொல்லத் தொடங்கும். 33, 34 வந்தால் மெனிஃபோல்டு அழுத்த சென்சார். 35 வந்தால் ஐடிலிங் வால்வு. எண் காட்டியதுமே அந்தப் பாகத்தை வாங்கிவிடாதீர்கள். முதலில் அதற்குப் போகும் ஹோஸையும் வயரையும் பாருங்கள்.

● டைமிங் லைட்டைப் பிடித்துவிட்டால் மட்டும் டைமிங் பார்த்ததாகிவிடாது. இந்த வண்டிகளில் கம்ப்யூட்டர் தானாகவே டைமிங்கை நகர்த்திக்கொண்டிருக்கும். முதலில் அதன் கையைக் கட்ட வேண்டும். ஃபோர்டில் டிஸ்ட்ரிபியூட்டர் வயரில் உள்ள 'ஸ்பவுட்' என்ற சின்ன இணைப்பைப் பிடுங்கி 10 டிகிரி. செவர்லே 5.7-இல் பழுப்பும் கறுப்புமான ஒற்றை வயரைக் கழற்றிப் பூஜ்யம். டொயோட்டாவில் சோதனை இணைப்பின் இரண்டு முனைகளைச் சேர்த்து 5 டிகிரி. இதைச் செய்யாமல் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பியவர்களின் வண்டிகள் பல, வருடக்கணக்காகத் தவறான டைமிங்கிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன.

● செவர்லே வி-8 எஞ்சினின் தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5, 7 இரண்டும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் சிலிண்டர்கள். அடுத்தடுத்து எரிவதும் அவையே. அந்த இரண்டு பிளக் வயர்களும் ஒட்டி உரசிக்கொண்டு போனால் ஒன்றின் மின்சாரம் மற்றதில் தொற்றி, 7-ஆம் சிலிண்டர் நேரம் வருமுன்பே எரியும். வயர்களைப் பிரித்து வைக்கும் பிளாஸ்டிக் பிடிப்புகள் அழகுக்காக வைத்தவை அல்ல. பழைய வண்டிகளில் அவைதான் முதலில் உடைந்து காணாமல் போகின்றன.

● இரவு விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பானட்டுக்குள் தள்ளி நின்று பாருங்கள். பழுதான வயர்களின் மேல் நீலப் பொறி ஓடுவது தெரியும். கையை நீட்ட வேண்டாம். பகலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். முடி போல மெல்லிய கரிக்கோடு ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் மூடியை மாற்றுவதுதான் வழி, துடைத்தால் போகாது.

● பெட்ரோல் பீய்ச்சுவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்த எஞ்சின் செவர்லேயினுடையது. ஏர் ஃபில்டரை எடுத்தால் இரண்டு இன்ஜெக்டரும் த்ராட்டிலுக்கு மேலே வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும். வெறுங்கண்ணுக்கு மங்கலான மூட்டம்தான் தெரியும். டைமிங் லைட்டை அதன்மேல் அடித்தால் தூறல் அந்தரத்தில் நின்றதுபோல் உறைந்து தெரியும். இரண்டிலும் ஒரே மாதிரி, சீரான கூம்பாக விரிய வேண்டும். ஒன்றில் கூம்பு ஒருபக்கம் ஒடுங்கியிருக்கலாம். சொட்டுச் சொட்டாக விழலாம். எஞ்சினை அணைத்தபின்னும் நுனியில் துளி திரண்டு விழலாம். அந்த இன்ஜெக்டர்தான் குற்றவாளி. பெட்ரோல் அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். இந்த அமைப்பு 9 முதல் 13 பி.எஸ்.ஐ.-யிலேயே வேலை செய்வது. அதில் இரண்டு மூன்று குறைந்தாலே பெரிய குறை.

● ஃபோர்டிலும் டொயோட்டாவிலும் பெட்ரோல் அழுத்த ரெகுலேட்டருக்கு ஒரு வேக்குவம் ஹோஸ் போகும். அதைக் கழற்றி முகருங்கள். பெட்ரோல் ஈரம் இருந்தால் உள்ளே திரை கிழிந்து, பெட்ரோல் நேராக மெனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

● டேப்பெட் சத்தம் போடாத 22ஆர்இ-யைப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். வால்வு இடைவெளி இறுகிப்போனால் சத்தம் அடங்கும். ஆனால் வால்வு முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்குவதே இருக்கையில் உட்காரும் அந்த நொடியில்தான். உட்காராவிட்டால் விளிம்பு எரியும். சூடான எஞ்சினில் இன்டேக் 0.20, எக்ஸாஸ்ட் 0.30 மில்லிமீட்டர். கம்ப்ரெஷன் பார்க்கும்போது சிலிண்டர்களுக்கிடையே 14 பி.எஸ்.ஐ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் இனி எந்த சென்சாரை மாற்றியும் பலனில்லை, கோளாறு எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது.

● கேபின் அதிர்கிறது, ஆனால் ஆர்.பி.எம். முள் அசையாமல் நிற்கிறதா? எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது; எஞ்சின் மவுண்ட் ரப்பர் நைந்திருக்கிறது.

● கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் சோக் முழுதாகத் திறக்கிறதா, ஐடில் ஜெட்டில் தூசி அடைத்திருக்கிறதா, த்ராட்டில் தண்டு புஷ் தேய்ந்து ஆடுகிறதா என்ற மூன்றைப் பார்த்தபின்பே கலவை ஸ்க்ரூவில் கை வைக்கட்டும். தண்டு ஆடினால் அந்த இடைவெளியே காற்றை இழுக்கும். எவ்வளவு டியூனிங் செய்தாலும் ஐடிலிங் சீராக நிற்காது.

● டீசல் பிக்கப்பில் பிளக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. 1989 முதல் 1998 வரை டாட்ஜ் ராமில் வந்த 12 வால்வு கம்மின்ஸ் 5.9 லிட்டர் எஞ்சினில் ஐடிலிங் தள்ளாடினால் முதலில் டீசல் லைனில் 'ஏர் எடுக்கிறதா' என்று பார்ப்பார்கள்; நம் ஊர் டீசல் பிக்கப்புகளுக்கும் அதே நியாயம்தான். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்க்கும் பழைய முறை இந்த மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின்களுக்கு மட்டுமே. புதிய காமன் ரெயில் எஞ்சினில் ஒருபோதும் செய்யக் கூடாது. பழையதிலும் விரலை முன்னே கொண்டுபோகாதீர்கள். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசி குத்தியது போலச் சின்னதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரம் அது.

● இந்தச் சோதனைகளில் பல எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்பவை. கலவை கெட்டு, பெட்ரோல் கூடுதலாகப் போய்த் திணறும் எஞ்சின், நல்ல எஞ்சினைவிட அதிகமாகக் கார்பன் மோனாக்ஸைடு கக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய ஷெட்டுக்குள் சில நிமிடங்களில் ஆளைக் கொல்லும். ஷட்டரைப் பாதி திறந்து வைத்தால் போதாது. வண்டியை வெளியே திறந்தவெளிக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்தபிறகு பானட்டைத் திறங்கள்.